ஏழேகாலுக்குப் போட்ட ஊசி, எழுதப்படாத கட்டம்: ஒரு மாலை ஷிஃப்ட்டின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

பெங்களூரில் ஓசூர் சாலையை ஒட்டிய ஒரு தனியார் மருத்துவமனையின் ஆண்கள் பொது வார்டில் நடந்தது இது. அந்த வார்டுக்கு நான் இன்சார்ஜ். நர்ஸ் வேலைக்கு வந்து பதினேழு வருடம் ஆகிறது. அதில் பதினோரு வருடம் பெங்களூரில். எங்களிடம் வருகிறவர்களில் ஓசூர், தேன்கனிக்கோட்டை, கிருஷ்ணகிரி பக்கத்துக்காரர்கள் நிறைய. நர்ஸ்களில் தமிழ், கன்னடம், மலையாளம் பேசுகிறவர்கள் மூன்று தரப்பும் உண்டு. வார்டில் எந்த மொழியில் பேசிக்கொண்டாலும் ஃபைலில் எழுதுவது ஆங்கிலத்தில்தான்.

வார்டில் 21 படுக்கைகள். காலை 8 முதல் 2, மதியம் 2 முதல் 8, இரவு 8 முதல் காலை 8 என்று மூன்று ஷிஃப்ட். மாலையில் மூன்று நர்ஸ்கள், ஆளுக்கு ஏழு நோயாளிகள். இரவில் இரண்டே பேர். ஹாஸ்டல் வேன் இரவு 8.30க்குப் புறப்படும். வேனைத் தவறவிட்டால் ஆட்டோதான், அதுவும் சொந்தக் காசில். இந்த வேன் கதையில் பின்னால் வரும் என்பதால் இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

நோயாளி அறுபது வயதைத் தாண்டியவர், பல வருடச் சர்க்கரை நோயாளி. காலில் முள் குத்திச் சீழ் பிடித்து, முழங்கால்வரை சிவந்து வீங்கிய நிலையில் வந்தார். ரத்தக்குழாய் வழியாக ஆன்டிபயாடிக், தினமும் டிரெஸ்ஸிங், ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கு முன்பும் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்து அதற்கேற்ப ரெகுலர் இன்சுலின் என்று டாக்டர் எழுதியிருந்தார். அளவுப் பட்டியலில் 201 முதல் 250 வரை இருந்தால் 8 யூனிட். கூட இருந்தது அவர் மனைவி. நாள் முழுக்கப் படுக்கைக்குக் கீழே பாய் விரித்து உட்கார்ந்திருப்பார். கணவருக்கு யார் எப்போது என்ன செய்தார்கள் என்பதைக் கவனிப்பதைத் தவிர அவருக்கு அங்கே வேறு வேலை இல்லை.

அந்த மாலை

சேர்ந்த மூன்றாம் நாள். மாலை 7.09க்கு நர்ஸ் சர்க்கரை பார்த்தார்: 238. 7.15க்கு வயிற்றில் 8 யூனிட் போட்டார். ட்ராலியில் பேப்பர் இல்லை, ஃபைல் நர்ஸிங் ஸ்டேஷன் அலமாரியில். அதனால் கிளவுஸ் டப்பாவின் அட்டையில் ஒரு துண்டைக் கிழித்து ‘14 – 238 – 8 – 7.15’ என்று (14 படுக்கை எண்) எழுதி யூனிஃபார்ம் பையில் போட்டுக்கொண்டார். அடுத்த இரண்டு சர்க்கரை நோயாளிகளையும் முடித்துவிட்டு, மூன்று பேருக்கும் சேர்த்து எழுதிவிடலாம் என்பது எண்ணம். சோம்பல் என்று இதைச் சொல்ல முடியாது. வார்டில் எல்லோரும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார்கள், எனக்கும் தெரியும்.

7.20க்கு இரண்டு படுக்கை தள்ளி இருந்த இதய நோயாளிக்குத் திடீரென்று மூச்சுத் திணறல். ஆக்சிஜன், டாக்டரைக் கூப்பிடுவது, ஊசிகள், ஐசியுவில் இடம் கேட்பது, அவர் மகனைத் தேடிப்பிடிப்பது என்று அடுத்த முப்பத்தைந்து நிமிடம் போனது. 7.55க்கு அவரை ஐசியுவுக்கு மாற்றினார்கள். அந்த வேலையை மாலை நர்ஸ் மிக நன்றாகச் செய்தார் என்று ஐசியு டாக்டரே பிறகு சொன்னார்.

இதற்கு நடுவில் 7.30க்குச் சாப்பாட்டு வண்டி வந்தது. பெரியவர் இரண்டு சப்பாத்தியில் ஒன்றைக்கூட முழுதாகச் சாப்பிடவில்லை. ஆன்டிபயாடிக் போட்டதிலிருந்து குமட்டல் என்றிருக்கிறார். மனைவி வற்புறுத்திப் பார்த்துவிட்டுத் தட்டை மூடிவைத்தார். அரைச் சாப்பாடு என்பதும் எங்கேயும் எழுதப்படவில்லை.

8.10க்கு ஸ்டேஷனில் நின்றபடியே ஹேண்டோவர், அதாவது நோயாளிகளின் விவரத்தை அடுத்த ஷிஃப்ட்டிடம் ஒப்படைப்பது. ஐசியு மாற்றம் பற்றித்தான் பேச்சு பெரும்பாலும். பெரியவரைப் பற்றிச் சொன்னது இவ்வளவு: செல்லுலைட்டிஸ் (தோலுக்கு அடியில் பரவும் தொற்று), சர்க்கரை நோயாளி, ஆறு மணி ஆன்டிபயாடிக் போயிருக்கிறது, டிரெஸ்ஸிங் ஆயிற்று, காலையில் சர்ஜன் பார்ப்பார். ஐசியு மாற்றக் குறிப்பை எழுதி முடித்துவிட்டு மாலை நர்ஸ் 8.28க்கு வேனுக்கு ஓடினார். அட்டைத் துண்டும் அவர் பையிலேயே ஹாஸ்டலுக்குப் போனது.

இரவு 8.40

இரவு நர்ஸுக்கு வட கர்நாடகம். வார்டுக்கு வந்த பிறகு தமிழ் கற்றுக்கொண்டவர், நன்றாகவே பேசுவார். ஃபைல்களைப் புரட்டியபோது பெரியவரின் மருந்துத் தாளில் ‘இரவு 8 மணி’ இன்சுலின் கட்டம் காலியாக இருந்தது. சர்க்கரைச் சார்ட்டிலும் மாலைக்கு எதுவும் இல்லை. வேலை விட்டுப்போயிருக்கிறது என்று நினைத்தார். அந்தத் தாளைப் பார்த்த யாரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். 8.35க்குச் சர்க்கரை பார்த்தார்: 214. மறுபடியும் அதே 8 யூனிட் வரிசை.

ஊசியை எடுத்துக்கொண்டு போனபோது அந்த அம்மா கேட்ட கேள்வியை இருவருமே பிறகு ஒரே மாதிரிதான் சொன்னார்கள்.

“ஊசி போட்டாச்சே சிஸ்டர், சாயங்காலமே போட்டாங்களே?”

“அது வேற ஊசிம்மா. இது டாக்டர் எழுதியிருக்காங்க.”

அம்மா சொன்னது சர்க்கரை ஊசியை. நர்ஸ் நினைத்தது ஆறு மணி ஆன்டிபயாடிக்கை. தமிழில் எல்லாமே ஊசிதான்: கையில் ரத்தக்குழாயில் செருகிய கேனுலா குழாய் வழியாகப் போவதும் ஊசி, வயிற்றில் போடுவதும் ஊசி. டாக்டர் எழுதியிருக்கிறார் என்று சொன்னபிறகு அந்த அம்மா மேற்கொண்டு பேசவில்லை. 8.40க்கு இரண்டாவது 8 யூனிட் உள்ளே போனது. இதை இரவு நர்ஸ் உடனே, ஒழுங்காக, நேரம் போட்டு எழுதினார்.

11.20

ரெகுலர் இன்சுலின் தோலுக்கு அடியில் போட்ட அரை மணியில் வேலை செய்யத் தொடங்கும். இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்குள் அதன் வேகம் உச்சத்துக்குப் போகும். ஏழேகால் ஊசியின் உச்சம் இன்னும் தணியாத நேரத்தில் எட்டு நாற்பது ஊசியின் உச்சமும் தொடங்கினால் என்ன ஆகும்? வயிற்றிலோ அரைச் சப்பாத்திதான்.

11.20க்கு அந்த அம்மா ஸ்டேஷனுக்கு ஓடிவந்தார். “அவருக்குச் சட்டையெல்லாம் நனைஞ்சிருக்கு, என்னமோ உளர்றாரு, என்னையே யாருன்னு கேக்குறாரு.” நர்ஸ் பார்த்தபோது உடல் சில்லிட்டு வியர்த்திருந்தது, கை நடுங்கியது. சர்க்கரை 46. கேனுலா இருந்ததால் டியூட்டி டாக்டர் வருவதற்குள்ளேயே தொலைபேசியில் உத்தரவு வாங்கி 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் கரைசல்) 100 மில்லி ஏற்றினார்கள். பதினைந்து நிமிடம் கழித்து 112. பெரியவர் கண்ணைத் திறந்து மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இன்சுலின் இன்னும் உடலில் இருக்கிறது, சர்க்கரை மறுபடி இறங்கலாம் என்பதால் 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் ட்ரிப் போட்டு, காலை 6 வரை மணிக்கொருமுறை சர்க்கரை பார்த்தார்கள். இரண்டு மணிக்கு ஒருமுறை 81க்கு வந்தது. மற்றபடி நூறுக்கு மேலேயே இருந்தது.

காரணம் தேடிய இரவு நர்ஸுக்கு ஏதோ தட்டியிருக்கிறது. குளூக்கோமீட்டரின் நினைவில் பின்னோக்கிப் போனார். மாலை 7.09க்கு ஒரு 238 இருந்தது. யாருடையது என்று மெஷின் சொல்லாது. 11.45க்கு மாலை நர்ஸுக்கு ஃபோன் செய்தார். தூக்கக் கலக்கத்தில் வந்த முதல் பதிலே, “போட்டுட்டேனே அக்கா, ஏழேகாலுக்கு.” அதன் பிறகு கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் பேச்சில்லை என்று இரவு நர்ஸ் என்னிடம் சொன்னார். 11.55க்கு எனக்கு ஃபோன் வந்தது.

ஃபைலில் எதை எழுதுவது

காலை ஏழு மணிக்கே மாலை நர்ஸ் வந்துவிட்டார், அட்டைத் துண்டோடு. இரவெல்லாம் அழுதிருக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது. வார்டில் யாரோ அவருக்கு ஒரு யோசனை சொல்லியிருந்தார்கள்: காலியாக இருக்கும் கட்டத்தில் 7.15 என்று இப்போது எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால், பார்க்காமல் போட்டது இரவு நர்ஸ் என்று ஆகிவிடும். மாலை நர்ஸ் அதைச் செய்யவில்லை. என்னிடம் வந்து, “எழுதலாமா சிஸ்டர்?” என்று கேட்டார்.

எழுத வேண்டும், ஆனால் எழுதுகிற நேரத்தோடு எழுத வேண்டும் என்றேன். அந்தக் கட்டத்தைத் தொடவில்லை. நர்ஸ் குறிப்பில் அன்றைய தேதி, காலை 7.20 என்று போட்டு, ‘தாமதப் பதிவு’ என்று தலைப்பிட்டு, முந்தின நாள் மாலை 7.09க்குச் சர்க்கரை 238, 7.15க்கு 8 யூனிட், அப்போது பதியப்படவில்லை, காரணம் பக்கத்து நோயாளியின் அவசரம் என்று எழுதிக் கையெழுத்திட்டார். கட்டத்தில் எழுதியிருந்தால் ஒரு தவறு இரண்டாகியிருக்கும். இரவு 8.35க்கு அந்தத் தாள் காலியாக இருந்தது என்பதுதான் நடந்ததன் மையம். அதை நிரப்பிவிட்டால் இரவு நர்ஸ் ஏன் ஊசி போட்டார் என்பதற்கு ஃபைலில் விளக்கமே இருக்காது. அட்டைத் துண்டை உறையில் போட்டு இன்சிடென்ட் ரிப்போர்ட்டோடு இணைத்தோம்.

குடும்பத்திடம் சொன்னது

டாக்டரும் நானும் காலை ஒன்பது மணிக்கு அந்த அம்மாவிடமும், ஓசூரிலிருந்து வந்த மகனிடமும் உட்கார்ந்து பேசினோம். ஒரே ஊசி இரண்டு முறை போடப்பட்டது, அதனால் சர்க்கரை இறங்கியது, தவறு எங்களுடையது என்று நேராகவே சொன்னோம். மகனுக்குக் கோபம் வந்தது. வரத்தான் செய்யும். ஃபைலின் நகல் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்பது மருத்துவ கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதி. மறுநாளே நகல் கொடுக்கப்பட்டது. அவர் அதை ஒரு டாக்டர் உறவினரிடம் காட்டியிருக்கிறார். நாங்கள் வாயால் சொன்னதும் தாளில் இருந்ததும் ஒன்றாக இருந்ததால், அதன்பிறகு அவர் எங்களோடு பேசிய தொனியே வேறு.

அந்த அம்மா சொன்னது ஒன்றுதான். “நான் அப்பவே சொன்னேனே சிஸ்டர்.” என்னிடம் பதில் இல்லை. மன்னிப்புக் கேட்டேன்.

மெமோ வேண்டாம் என்று ஏன் சொன்னேன்

மாலை நர்ஸுக்கு மெமோ கொடுக்கலாம் என்ற பேச்சு மேலே எழுந்தது. மெமோ கொடுத்தால் ஃபைல் மூடப்படும், அடுத்த வாரம் வேறொரு நர்ஸின் பையில் வேறொரு அட்டைத் துண்டு இருக்கும் என்றேன். நர்ஸ்களுக்குத் தலைமையான மேட்ரன், காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வாரம் கொடுத்தார்.

ஒரு ஷிஃப்ட் முழுக்கக் கூடவே நடந்தபோது

அடுத்த வாரம் ஒரு மாலை 2 முதல் 8.45 வரை ஒரு நர்ஸின் பின்னால் நோட்டோடு நடந்தேன். இன்சார்ஜாக ஸ்டேஷனில் உட்கார்ந்து வருடக்கணக்காகப் பார்க்காததை அந்த ஏழு மணி நேரத்தில் பார்த்தேன்.

முதலாவது, ஒரு சர்க்கரை எண் எத்தனை இடத்தில் எழுதப்படுகிறது என்பது. ஃபைலில் உள்ள சர்க்கரைச் சார்ட், நர்ஸ் குறிப்பு, ஸ்டேஷனில் இருக்கும் தனிச் சர்க்கரை ரெஜிஸ்டர், ஹேண்டோவர் புத்தகம், ஸ்டிரிப்புக்குப் பில் போடக் கம்ப்யூட்டர். ஐந்து இடம். கையில் எழுதும் அட்டைத் துண்டையும் சேர்த்தால் ஆறு. டாக்டர் பார்ப்பது சார்ட்டை மட்டும். பில்லிங்குக்குத் தேவை கம்ப்யூட்டர் பதிவு. அந்த ரெஜிஸ்டரை யார் படிக்கிறார்கள் என்று விசாரித்தேன். எப்போதோ ஓர் ஆய்வின்போது யாரோ கேட்டார்கள் என்று ஆரம்பித்தது. இப்போது ஆய்வுக்கு முன்தினம் நாங்கள் அதை நிரப்புவதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை. மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் என்ஏபிஹெச் அமைப்பின் தரநிலை கேட்பது நோயாளியின் பதிவு நேரத்தோடும் கையெழுத்தோடும் முழுமையாக இருக்க வேண்டும் என்பதை. அதை ஐந்து முறை எழுதச் சொல்வது நாங்களேதான்.

இரண்டாவது, ‘இரவு 8 மணி’ என்று அச்சான கட்டம். டாக்டர் எழுதுவது ‘சாப்பாட்டுக்கு முன்’. மருந்துத் தாளில் அச்சாகியிருப்பது 8, 1, 8. சாப்பாட்டு வண்டி வருவது 7.30க்கு. ஆகவே மாலை நர்ஸ்கள் எப்போதும் ஏழேகாலுக்குப் போட்டுவிட்டு எட்டு மணிக் கட்டத்தில் கையெழுத்துப் போடுவார்கள். இதனால் அந்தக் கட்டம் 7.45க்குக் காலியாக இருந்தால், இன்னும் நேரம் ஆகவில்லை என்று படும். 8.30க்குக் காலியாக இருந்தால் விட்டுப்போயிற்று என்று படும். நடுவில்தான் ஷிஃப்ட் மாறுகிறது. இத்தனை வருடம் இந்தத் தாளை நான் கையில் பிடித்திருக்கிறேன், எனக்கு இது உறைக்கவே இல்லை.

மூன்றாவது இதைவிட வருத்தமானது. ஐசியுவுக்குப் போன இதய நோயாளியின் சார்ட்டை எடுத்துப் பார்த்தேன். அன்று காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரை நிமிடத்துக்கு மூச்சு எண்ணிக்கை 20, 20, 20, 20. வார்டின் மற்ற சார்ட்டுகளையும் புரட்டினேன். எல்லோரும் 20 அல்லது 18 மூச்சுதான் விட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் எண்ணவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012இல் கொண்டுவந்து 2017இல் திருத்திய நியூஸ் 2 என்ற எச்சரிக்கை மதிப்பெண் முறையில் 12 முதல் 20 வரை மூச்சுக்கு மதிப்பெண் பூஜ்யம்; 21 ஆனால் இரண்டு; 25 ஆனால் மூன்று. 20 என்று எழுதுவது, பிரச்சினை இல்லை என்று எழுதுவதற்குச் சமம். அந்த மனிதருக்கு ஆறு மணிக்கு உண்மையில் எத்தனை இருந்தது என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. எண்ணியிருந்தால் டாக்டரை முன்பே கூப்பிட்டிருக்கலாம். ஏழு இருபதுக்கு வார்டு அல்லோலகல்லோலப்படாமல் இருந்திருக்கலாம்.

மற்றவை தெரிந்தவைதான். இன்ஷூரன்ஸ் டெஸ்க்கிலிருந்து ஃபோன், டிஸ்சார்ஜ் சம்மரிக்கு அட்டெண்டர் வருவது, மூன்று நர்ஸுக்கு ஒரு கம்ப்யூட்டர். ஒரு நர்ஸ் நேரம் வருவதற்கு முன்பே வெப்பநிலையை எழுதிவைப்பதையும் பார்த்தேன். அந்தப் பெண்ணிடம் தனியாகப் பேசினேன்.

என்ன மாற்றினோம், ஏன்

மருந்துத் தாளையும் சர்க்கரைச் சார்ட்டையும் ஃபைலிலிருந்து பிரித்து நோயாளியின் படுக்கைக்கே கொண்டுபோனோம். ஊசி போட்ட இடத்திலேயே, அடுத்த படுக்கைக்கு நகர்வதற்கு முன் கையெழுத்து. இன்சுலினுக்கு மட்டும் ஒரே வரி: சர்க்கரை, நேரம், யூனிட், போட்டவர், சரிபார்த்தவர், எவ்வளவு சாப்பிட்டார். கடைசிக் கட்டத்தை அந்த அரைச் சப்பாத்திதான் சேர்க்க வைத்தது. கட்டத்தின் தலைப்பில் மணி கிடையாது. ‘காலைச் சாப்பாடு’, ‘மதியச் சாப்பாடு’, ‘இரவுச் சாப்பாடு’.

சர்க்கரை ரெஜிஸ்டரை நிறுத்தினோம். நிறுத்த மூன்று கூட்டம் தேவைப்பட்டது. இருப்பதை எடுக்கச் சொன்னால் எல்லோருக்கும் பயம் வருகிறது. ‘ஆய்வில் கேட்டால்?’ என்ற கேள்விக்கு, சார்ட்டைக் காட்டுவோம் என்ற பதிலைத் தரப் பிரிவு எழுத்தில் ஏற்றுக்கொண்ட பிறகுதான் காரியம் நடந்தது. ஹேண்டோவர் புத்தகத்தில் எண்களை எழுதுவதையும் விட்டோம்.

நர்ஸ் குறிப்பு எழுதும் முறையும் மாறியது. முன்பு ஏழு நோயாளிக்கும் ஒரே பத்தி: ‘நோயாளி நலமாக உள்ளார், வைட்டல்ஸ் நிலையாக உள்ளது, மருந்துகள் கொடுக்கப்பட்டன.’ சார்ட்டிலும் மருந்துத் தாளிலும் இருப்பதைத்தான் இது திரும்பச் சொல்கிறது. இப்போது குறிப்பில் மூன்று விஷயம் மட்டும்: என்ன மாறியது, நான் என்ன செய்தேன், அதன்பின் எப்படி இருக்கிறது. உதாரணத்துக்கு, ‘மாலை 7.30, குமட்டல், அரைச் சப்பாத்தி மட்டும். டாக்டருக்குச் சொன்னேன், இரவு 10க்குச் சர்க்கரை மறுபடி பார்க்கச் சொன்னார்.’ இந்த ஒரு வரி அன்று இருந்திருந்தால் பத்து மணிக்கே பிடித்திருப்போம். எதுவும் மாறாத நோயாளிக்கு ஒரு வரி போதும்.

ஹேண்டோவரைப் படுக்கைக்கு மாற்றினோம். இரண்டு நர்ஸும் நின்று, நடுவில் தாளைப் பிடித்து, இன்சுலின் நோயாளிகளிடமிருந்து தொடங்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2017இல் தொடங்கிய மருந்துப் பாதுகாப்பு இயக்கம், நோயாளி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும் தருணத்தை முக்கிய ஆபத்துகளில் ஒன்றாகச் சொல்கிறது. இன்சுலினோ, தவறினால் பெரிய சேதம் செய்யும் மருந்துகளின் பட்டியலில் எப்போதும் இருப்பது. இரண்டும் ஒரே அரை மணியில் சந்திக்கிற வார்டு எங்களுடையது.

கூடவே ஒரு விதி: இன்சுலின் கட்டம் காலியாக இருந்தால் ஊசி போடாதே, கேள். முன் ஷிஃப்ட் நர்ஸுக்கு ஃபோன், கிடைக்கவில்லையென்றால் டாக்டருக்கு. நோயாளியிடமோ கூட இருப்பவரிடமோ கேட்கும்போது ‘ஊசி’ என்று கேட்கக்கூடாது. ‘சர்க்கரை ஊசி, வயித்துல போடுறது, போட்டாங்களா?’ என்று கேட்க வேண்டும். கன்னடத்திலும் மலையாளத்திலும் இதற்கான வாக்கியத்தை நர்ஸ்களே எழுதி ட்ராலியில் ஒட்டினார்கள். கூட இருப்பவர் ஒருமுறை ‘போட்டாச்சே’ என்றால், வேலை அங்கேயே நிற்க வேண்டும்.

மூச்சை அரை நிமிடமாவது எண்ணி இரண்டால் பெருக்க வேண்டும், சீராக இல்லாவிட்டால் முழு நிமிடம். வெப்பமானி கையில் இருக்கும் நேரத்திலேயே எண்ணிவிடலாம் என்று ஒரு நர்ஸ் சொன்ன வழியைத்தான் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள்.

கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் ஏற்றிவிடலாமே என்று கேட்டவர்கள் உண்டு. மூன்று பேருக்கு ஒரு கம்ப்யூட்டர், அதுவும் ஸ்டேஷனில் என்றிருக்கும்வரை அது எழுத்தை இன்னும் தாமதமாக்கும் என்பது என் கருத்து. ட்ராலியில் வைக்கிற மாதிரி கருவி வரட்டும், முதல் ஆளாக நான் மாறுகிறேன்.

வந்த சிக்கல்கள்

முதல் வாரம் தாள்களைக் கிளிப்போர்டில் மாட்டி ட்ராலியோடு கொண்டுபோனோம். தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸ் வந்து நிறுத்தினார்: சீழ் வடியும் காலைத் தொட்ட கையோடு ஒரே அட்டை படுக்கை படுக்கையாகப் போகலாமா? அவர் சொன்னது முழுக்கச் சரி. படுக்கைக்கு ஒன்று என்று, துடைக்கக்கூடிய பிளாஸ்டிக் உறையில் வைத்தோம். உடனே அடுத்தது. பக்கத்துப் படுக்கைக்காரரைப் பார்க்க வருகிறவர்களும் எடுத்துப் படித்தார்கள். ஒரு நோயாளியின் மச்சான் அவருடைய பழைய நோய்களை வார்டு முழுக்கச் சொல்லிவிட்டார். மேலே மூடி வைத்த உறை வாங்கினோம். நோய் விவரம் உள்ள பக்கம் ஃபைலிலேயே இருக்க, படுக்கையில் மருந்துத் தாளும் சார்ட்டும் மட்டும்.

மூன்றாம் வாரத்தில் இன்னொன்றைக் கண்டேன். படுக்கையிலேயே எழுதலாம் என்றதும், ஒரு நர்ஸ் மாத்திரைகளைக் கொடுக்கும் முன்பே வரிசையாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டு வந்தார். நாலாவது நோயாளி வாந்தி வருகிறது, வேண்டாம் என்றார். தாளில் கொடுத்ததாக இருக்கிறது. கொடுத்த பிறகுதான் கையெழுத்து என்பதை அதன்பின் சொல்லித் திரும்பத் திரும்பச் செய்துகாட்ட வேண்டியிருந்தது. தவறாகப் போட்ட பதிவை ஒற்றைக் கோடு அடித்து, பக்கத்தில் நேரமும் கையெழுத்தும். வெள்ளை மை வார்டிலிருந்தே எடுக்கப்பட்டது.

பிறகு

பெரியவரின் கால் தேறியது. ஒன்பதாம் நாள் வீட்டுக்குப் போனார். அந்த இரவின் பாதிப்பு எதுவும் அவரிடம் தங்கவில்லை. டிரெஸ்ஸிங்குக்கு ஓபிக்கு வந்தபோது அந்த அம்மா வார்டுவரை வந்து மாலை நர்ஸைப் பார்த்துவிட்டுப் போனார். என்ன பேசிக்கொண்டார்கள் என்று நான் கேட்கவில்லை.

மாலை நர்ஸ் அடுத்த ஒரு மாதம் இன்சுலின் ட்ராலியைத் தொடவே பயந்தார். இரண்டாவது ஆளாகச் சரிபார்க்கும் வேலையை முதலில் கொடுத்து, மெதுவாகத் திரும்பக் கொண்டுவந்தோம். இரவு நர்ஸ் வெளியே தைரியமாகத்தான் இருந்தார். ஆறு வாரம் கழித்து ஒருநாள், அந்த அம்மாவின் ‘போட்டாச்சே’ இன்னும் காதில் கேட்கிறது என்றார். அவரை நான் முன்பே உட்காரவைத்துப் பேசியிருக்க வேண்டும். அழுதவரைப் பார்த்துக்கொண்டேன், அழாதவரை விட்டுவிட்டேன்.

மாலை ஷிஃப்ட் இப்போது பெரும்பாலும் 8.20க்கு முடிகிறது. முன்பு பாதிப் பேர் வேனை விட்டுவிட்டு ஒன்பது மணிவரை எழுதிக்கொண்டிருந்தார்கள். வாரம் ஒருமுறை இன்சுலின் தாள்களை நானே எடுத்துப் பார்க்கிறேன். காலிக் கட்டங்கள் குறைந்திருக்கின்றன, தீர்ந்துவிடவில்லை. சார்ட்டுகளில் 16, 22, 19 என்று மூச்சு எண்கள் மாறி மாறி வருவதைப் பார்க்கையில் மனதுக்கு நிறைவாக இருக்கிறது.

மறுபடி செய்தால்

அட்டைத் துண்டு வழக்கம் எனக்கு முன்பே தெரியும் என்று மேலே எழுதினேன். தெரிந்தும் பேசாமல் இருந்ததை இன்சிடென்ட் ரிப்போர்ட்டில் நான் குறிப்பிடவில்லை. குறிப்பிட்டிருக்க வேண்டும், அடுத்த ஆய்வுக் கூட்டத்தில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸையும் முதல் நாளே கூப்பிட்டிருந்தால் ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும்.

இன்னும் சரியாகாதது ஞாயிற்றுக்கிழமை. வேறு வார்டிலிருந்து ரிலீவராக வருகிறவருக்கு எங்கள் தாள் புதிது. பழைய பழக்கத்தில் ஃபைலைத் தேடி ஸ்டேஷனுக்குப் போய், ஷிஃப்ட் முடிவில் எல்லாவற்றையும் சேர்த்து எழுதுகிறார். போன ஞாயிறுகூட மூன்று இன்சுலின் கட்டங்கள் 7.50வரை காலியாக இருந்தன. ஹேண்டோவரில் பிடிபட்டதால் ஒன்றும் ஆகவில்லை. மற்ற இரண்டு பொது வார்டுகளுக்கும் அதே தாளை அச்சடிக்க மேட்ரனிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதுவரை ஞாயிறு மாலை ஏழு மணிக்கு யாராவது ஒரு சீனியர் அந்தப் படுக்கைகளை ஒரு சுற்று வருகிறார்.